ஓடாத வரை பழைய இரும்பு

பாடாங் மேஹா,
9.1.2024

தம்பி காளிதாசனுக்கு அக்கா யோகேஸ்வரி எழுதுவது.

நான் சுகம். நீயும் நளினியும் புவனேசனும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலம் விசாரிப்பது முறை, விசாரித்துவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இன்று காலை வாசல் கூட்டிக்கொண்டிருந்தேன். பெசி புரூக் லாரி ஒன்று வீட்டு முன்னால் வந்து நின்றது. பழைய இரும்பு எடுக்கிறவன் சங்கிலியும் கொக்கியுமாக இறங்கினான். "ஆண்ட்டி, கார் எடுக்க வந்தேன்" என்றான். எந்தக் கார் என்றேன். கொட்டகையைக் காட்டினான். யார் சொன்னது என்றேன். போனை எடுத்து உன் பெயரைக் காட்டினான்.

ஏன்டா, உனக்கு வாய் இல்லையா? ஜொகூர் பாருவில் உட்கார்ந்துகொண்டு கூலிம் லாரிக்காரனுக்குப் போன் போடத் தெரிகிறது. அந்தக் கொட்டகைக்குப் பக்கத்திலேயே படுத்து எழுந்திருக்கிற எனக்கு ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லையா? அது அப்பாவுடைய மோரிஸ் மைனர். தோட்டத்து லாரி ஓட்டிய மனிதர், தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸரிடம் நடையாய் நடந்து வாங்கிய கார். அவர் போய்ப் பதினைந்து வருடம் ஆகிறது. "கார நான் ரிப்பேர் பண்ணி எடுத்துக்கறேன், யாரும் தொடாதீங்க" என்று கருமாதி அன்று எல்லார் முன்னாலும் சொன்னவன் நீ. அதற்குப் பிறகு அதன் கதவைக்கூட நீ திறந்து பார்க்கவில்லை. பின் சீட்டில் கோழி அடைகாத்தது. எலி ஒயரைத் தின்றது. முன் கண்ணாடியை எவனோ கழற்றிக்கொண்டு போனான். நான்தான் மேலே கித்தான் போட்டு மூடி வைத்தேன்.

லாரிக்காரன் கொக்கியை மாட்டப் போனான். நான் துடைப்பத்தோடு காருக்கு முன்னால் போய் நின்றேன். "எடுக்கணும்னா என்னையும் சேத்து ஏத்திக்கிட்டுப் போ" என்றேன். பாவம், அவன் என்ன செய்வான், திரும்பிப் போய்விட்டான்.

அந்தக் காரை நான் ஓட வைக்கப் போகிறேன். எழுதி வைத்துக்கொள்.

உன் எண்ணைப் போனில் பிளாக் செய்துவிட்டேன். போனில் நான் கத்துவேன், நீ "சரிக்கா, பாக்கலாம்கா" என்று வைத்துவிடுவாய். சொல்ல வேண்டியது இருந்தால் எழுது.

கோபத்தோடு,
அக்கா யோகேஸ்வரி


ஜொகூர் பாரு,
28.1.2024

மதிப்பிற்குரிய அக்காவுக்குத் தம்பி காளிதாசனின் வணக்கம்.

இங்கே எல்லாரும் நலம். உங்கள் முட்டிவலி குறைந்திருக்கிறதா? கடிதம் எழுதி எத்தனையோ வருடமாகிறது. தபால் நிலையத்தில் ஸ்டாம்ப் கேட்டேன், கவுண்டரில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

லாரிக்காரனை அனுப்பியது உங்கள் நல்லதுக்குத்தான். கொட்டகையில் பாம்பு அடையும், கொசு வளரும். சொன்னால் நீங்கள் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று சொல்லவில்லை. அது செத்துப்போன கார் அக்கா. எஞ்சின் இறுகிவிட்டது, தரையெல்லாம் துரு. அதை ஓட வைக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நளினி படித்துவிட்டுச் சிரித்தாள். கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆம்பளை இல்லாத வீட்டில் ஸ்பானரும் கையுமாக நீங்கள் நின்றால் தாமானில் அக்கம்பக்கத்து வீட்டார் என்ன பேசுவார்கள் என்றுதான் எனக்குக் கவலை.

ஒரு கோழிக்கூண்டாக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் லாரிக்காரனுக்கே கொடுத்துவிடுங்கள். எனக்கு ஆட்சேபணை இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தம்பி,
காளிதாசன்


பாடாங் மேஹா,
3.3.2024

தம்பி காளிதாசனுக்கு அக்கா எழுதுவது. முட்டிவலி அப்படியே இருக்கிறது. நளினி சிரித்தது அவளுக்கு நல்லது, சிரித்தால் ரத்த ஓட்டம் சீராகும் என்கிறார்கள்.

தாமானில் என்ன பேசுவார்கள் என்று கேட்டாயே, தாமானில் மட்டுமா, கூலிம் வரைக்கும் பேசினார்கள். முதலில் கூலிம் போனேன். பக்கிரிசாமியின் ஒர்க்‌ஷாப். காரைப் பற்றி எல்லாம் சொன்னேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டே, "வீட்ல ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா வரச்சொல்லுங்கக்கா. எஞ்சின் விஷயம்லா, ஒங்ககிட்ட சொல்லி என்னா ஆவப்போவுது" என்றான்.

"எஞ்சின் எங்க வீட்டு வாசல்ல இருக்கு. ஆம்பளை ஜொகூர்ல இருக்கான். எது கிட்ட இருக்கோ அதப் பாரு" என்றேன். அவன் பார்க்கவில்லை. அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேர் பார்த்தார்கள், அதுவும் என்னைத்தான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. கையுறைத் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை செய்தவள் நான். கஞ்சில் கார் வாங்கி லைசன் எடுத்து ஓட்டியவள் நான். என்னிடம் பேச அவனுக்கு ஆம்பளை வேண்டுமாம்!

பிறகு செர்டாங்கில் பழைய கார்ச் சாமான் விற்கிற ஜபருல்லா பாயைப் பிடித்தேன். "மோரிஸா? வீட்டுக்கு வரேன்கா" என்று மறு ஞாயிறே வந்துவிட்டார். பானட்டைத் திறந்து பார்த்தார். பிளக் நாலையும் கழற்றினார். டீசலையும் கியர் ஆயிலையும் கலந்து ஒவ்வொரு ஓட்டையிலும் ஊற்றச் சொன்னார். "இறுகிப்போன எஞ்சின அவசரப்படுத்தினா ஒடைஞ்சிடும்கா. ஊறட்டும்" என்றார். ஊற்றினேன். ஒவ்வொரு வாரமும் ஊற்றினேன்.

போன ஞாயிறு டாப் கியரில் போட்டுவிட்டு அவரும் நானும் காரை முன்னும் பின்னும் ஆட்டினோம். ஆட்டி ஆட்டி என் இடுப்பு விட்டுப்போனது. திடீரென்று உள்ளே 'டொக்' என்றது. ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கிற காத்தாடி அசைந்தது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு செல்லாயி, யாருக்கு என்ன ஆச்சோ என்று ஓடி வந்தாள்.

எஞ்சின் செத்துப்போகவில்லை. இதைத் தெரிந்துகொள்.

பிரேக் பம்ப், கார்ப்ரேட்டர், பெட்ரோல் டாங்கி, எல்லாம் இனிமேல்தான். தரைத் தகட்டை வெட்டி ஒட்ட லூனாஸில் ஆள் பார்த்தாயிற்று. உன்னிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கோழிக்கூண்டு என்று மட்டும் இன்னொரு தடவை எழுதாதே.

அக்கா யோகேஸ்வரி


பாடாங் மேஹா,
6.5.2024

தம்பிக்கு.

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. சுகமாகத்தான் இருப்பாய். எனக்கும் குறை ஒன்றும் இல்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள், பேனா சரியில்லை.

கார் ஓடுகிறது. கேட்டுக்கொள், ஓடுகிறது. பாயும் நானும் தோட்டத்துச் செம்மண் சாலையில் செம்பனைக்கு நடுவே ஓட்டிப் பார்த்தோம். பிரேக் பிடிக்கிறது, இரண்டாவது கியர்தான் கொஞ்சம் முரண்டு பண்ணுகிறது. அப்பா போன பிறகு முதல் தடவையாக அந்தச் சத்தத்தைக் கேட்டேன். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ரோட்டில் ஓட்ட வேண்டுமானால் ரோட்டாக்ஸ் வேண்டும். அதற்கு அப்பா பெயரில் இருக்கிற கிராண்ட் என் பெயருக்கு மாற வேண்டும். நில அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டேன், ஆகஸ்டில் விசாரணை. வாரிசு நீயும் நானும்தான். உன் சம்மதம் இல்லாமல் ஒன்றும் நடக்காதாம். சம்மதம் என்று எழுது, கையெழுத்துப் போட வேண்டிய தாளை அனுப்புகிறேன். பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

நளினிக்கும் பிள்ளைக்கும் என் அன்பு.

அக்கா


ஜொகூர் பாரு,
14.5.2024

அக்காவுக்கு.

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை.

இப்போதுதான் எல்லாம் புரிகிறது. கார், துரு, டீசல் என்று கதை எழுதியதெல்லாம் இதற்குத்தானா? ஓட்டைக் காரைக் காட்டி என் கண்ணை மறைத்துவிட்டு, சத்தமில்லாமல் நில அலுவலகத்துக்குப் போய் அப்பா கிராண்டை உன் பெயருக்கு மாற்ற மனுக் கொடுத்திருக்கிறாய்! பிறகு கையெழுத்து மட்டும் தம்பி போட வேண்டுமாம்! நான் என்ன, பால் குடிக்கிற பிள்ளையா?

அந்த நிலமும் வீடும் அப்பா நமக்கு வாங்கி வைத்தது. நீ இருக்கட்டும் என்று நான்தான் இத்தனை வருடம் வாய் திறக்காமல் இருந்தேன். இருந்தவளுக்கே சொந்தம் என்றால் நான் யார்? எனக்கும் ஒரு மகன் இருக்கிறான். நளினி அப்போதே சொன்னாள், நான்தான் கேட்கவில்லை. "அக்கா அப்பிடிப்பட்டவங்க இல்ல" என்று அவளிடம் சண்டை போட்டேன்.

கையெழுத்துப் போட மாட்டேன். வக்கீலிடம் பேசிவிட்டேன்.

காளிதாசன்


பாடாங் மேஹா,
18.5.2024

மடையா!

காருடைய கிராண்டைச் சொன்னேன். காருக்கு! நிலத்துக்கும் கிராண்ட், காருக்கும் கிராண்ட், நம் ஊரில் இரண்டுக்கும் அந்த ஒரே வார்த்தைதானே? ரோட்டாக்ஸ் என்று முந்தின வரியில் எழுதியிருக்கிறேன். வீட்டுக்கு எவனாவது ரோட்டாக்ஸ் கட்டுவானா? செத்தவர் பெயரில் காராக இருந்தாலும் நிலமாக இருந்தாலும் அந்த ஒரே ஆபீசுக்குத்தான் போக வேண்டும் என்று என்னை அனுப்பினார்கள், போனேன். மனுவில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? வீடு ஆளுக்குப் பாதி. கார் எனக்கு. அவ்வளவுதான்.

சின்ன வயதிலிருந்து என்னை 'நீங்க' என்று கூப்பிட்டவன். ஒரு வார்த்தையைத் தப்பாகப் படித்துவிட்டு ஒரே நாளில் 'நீ' ஆக்கிவிட்டாய். உனக்குச் சோறு ஊட்டிய கை இது. வக்கீலாம், வக்கீல். அக்கா மேல் சந்தேகம் வந்ததும் ஒரு பஸ் ஏறி வந்து முகத்தைப் பார்த்துக் கேட்கத் தோன்றவில்லை. வக்கீல் வீட்டுக்கு வழி தெரிந்திருக்கிறது.

நம்பிக்கை இல்லாவிட்டால் பாயின் மகள் ஹனான் எடுத்த வீடியோவைப் பார். பேஸ்புக்கில் போட்டிருக்கிறாள். கார் ஓடுவது தெரியும். வீடு ஓடவில்லை, அது இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது.

அக்கா


ஜொகூர் பாரு,
16.6.2024

என் பாசத்துக்குரிய அக்காவுக்குத் தம்பி காளிதாசன் பணிவோடு எழுதுவது.

நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று இங்கே முருகன் கோயிலில் அர்ச்சனை செய்தோம். நளினி உங்களை மிகவும் விசாரித்தாள். நான் எழுதியதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். அவசரத்தில் படித்துவிட்டேன்.

வீடியோ பார்த்தேன் அக்கா. பத்துத் தடவைக்கு மேல் பார்த்திருப்பேன். அந்தப் பச்சை நிறம்! அந்த எஞ்சின் சத்தம்! புவனேசன் பார்த்துவிட்டு, "டாடி, தாத்தா கார்லா இது! வேற லெவல்" என்று குதித்தான். அவனுக்கு டிசம்பரில் கல்யாணம் வைத்திருக்கிறோம். பெண்ணுக்குச் சுங்கை பட்டாணி ஊர், கல்யாணமும் அங்கேதான். பெண்ணையும் மாப்பிள்ளையையும் அப்பா காரில் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு அழைத்துப் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறான். நான்தான் ஓட்டுவேன். கல்யாணம் முடிந்ததும் காரை லாரியில் ஏற்றி இங்கே கொண்டுவந்துவிடுகிறேன். இங்கே பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒரு சங்கமே வைத்திருக்கிறார்கள்.

அதனால் மனுவைக் கொஞ்சம் மாற்றி எழுதிவிடலாம். வீடு முழுவதும் உங்களுக்கே இருக்கட்டும், எனக்கு வேண்டாம். காரை என் பெயருக்கு விட்டுக்கொடுங்கள். ஆண் வாரிசிடம் அப்பா கார் இருப்பதுதானே முறை? அப்பா என்னை மடியில் வைத்து ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்த கார் அது. என் கையிலேயே கொடுப்பதாக அவர் சொல்லியிருக்கிறார், உங்களுக்கும் தெரியும்.

உங்கள் பதிலுக்காக ஆவலோடு,
தம்பி காளிதாசன்


பாடாங் மேஹா,
22.6.2024

தம்பி காளிதாசனுக்கு.

அர்ச்சனைக்கு நன்றி. புவனேசன் கல்யாணச் செய்தி கேட்டு என் மனம் நிறைந்தது. பெண் நல்ல பெண்ணாக இருக்கட்டும், இரண்டு பேரும் நூறு வருடம் வாழட்டும். இந்தச் சந்தோஷத்தில் கலப்படம் இல்லை.

இனி மற்றதைச் சொல்கிறேன்.

ஓடாத வரை பெசி புரூக். ஓட ஆரம்பித்ததும் அப்பா கார். அப்படித்தானே? ஜனவரியில் லாரிக்காரனுக்குக் கொடுக்கச் சொன்னாய். பிறகு கோழிக்கூண்டு. ஜூனில் ஆண் வாரிசு! எப்படிடா கூசாமல் எழுதுகிறது உன் கை?

அப்பா உன்னை மடியில் வைத்து ஸ்டியரிங் பிடிக்க வைத்தார். நிஜம். அப்போது நான் எங்கே இருந்தேன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறாயா? கிணற்றடியில், வாளியும் கந்தல் துணியுமாக. ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் காரைத் தேய்த்துக் கழுவியது நான். சக்கரத்து இடுக்கில் சேற்றைக் குச்சியால் குத்தி எடுத்தது நான். கழுவி முடித்ததும் நீங்கள் இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்து பாலிங் வரைக்கும் போய்விட்டு, திரும்பச் சேறும் சகதியுமாகக் கொண்டுவந்து நிறுத்துவீர்கள். பத்தொன்பது வயதில் ஒரே ஒரு தடவை கேட்டேன். "அப்பா, நானும் ஓட்டிப் பாக்கட்டா?" என்றேன். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்" என்றார். நீ பக்கத்தில் நின்று சிரித்தாய். கழுவுவதற்கு நான், ஓட்டுவதற்கு நீ. நாற்பது வருடம் அதை விழுங்கிக்கொண்டுதான் இருந்தேன். இப்போது அது தொண்டையில் நிற்கிறது.

வீட்டை எனக்குக் கொடுத்துவிட்டுக் காரை எடுத்துக்கொள்கிறாயா? பெரிய மனதுதான். நான் ஒன்று சொல்கிறேன். வீட்டில் என் பாதியையும் நீ கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். பேசாமல் கொடுத்திருப்பேன். எனக்கு ஒரு ரூம் போதும், அதுவும் எத்தனை நாளைக்கோ. காரைத் தர மாட்டேன். அது அப்பா கார் இல்லை. அப்பா கார் கொட்டகையில் செத்துப்போனது, நீ சொன்னது சரிதான். இப்போது ஓடுவது என் கார்.

கல்யாணத்துக்குக் கார் வரும். பெண்ணும் மாப்பிள்ளையும் பின்னால் உட்காருவார்கள். ஓட்டுவது நான்.

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடு, அல்லது விசாரணையில் எல்லார் முன்னாலும் நின்று வேண்டாம் என்று சொல். உன் இஷ்டம்.

அக்கா யோகேஸ்வரி


ஜொகூர் பாரு,
15.7.2024

அக்காவுக்கு வணக்கம்.

நலம். நலமறிய ஆவல்.

உங்கள் முடிவு அதுதான் என்றால் விசாரணையில் பார்த்துக்கொள்ளலாம். எனக்கும் வாய் இருக்கிறது. தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை.

இன்னொன்று கேட்க வேண்டும். மே மாதத்திலிருந்து உங்கள் எழுத்து இடது பக்கம் சாய்ந்து, பால்வாடிப் பிள்ளை எழுத்து போல இருக்கிறது. மூன்று கடிதமும் அப்படியே. பேனா என்று சொன்னீர்கள். பேனாவை மாற்றியிருக்கலாமே? பாட்டரி இறங்கியிருக்கும், எஞ்சினைக் கிளப்ப முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றினீர்களா?

சுற்றினால், கட்டைவிரலை மற்ற நாலு விரலோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும். வளைத்துப் பிடிக்கக் கூடாது. மேல் நோக்கி இழுக்கலாம், கீழ் நோக்கி அமுக்கக் கூடாது. எஞ்சின் திருப்பி உதைத்தால் கை உடைந்துவிடும். அப்பா எனக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்தது.

காளிதாசன்


பாடாங் மேஹா,
20.7.2024

காளி,

ஆமாம். உதைத்தது. மணிக்கட்டு உடைந்துவிட்டது, எலும்பு சரியாகக் கூடவில்லை என்று இன்னும் கட்டோடுதான் வைத்திருக்கிறார்கள். ஏப்ரலிலிருந்து இடது கையால் எழுதுகிறேன். பிறகு கார் ஓட்டியதெல்லாம் பாய்தான், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. எழுதியிருந்தால் உடனே சொல்லியிருப்பாய், "அப்பவே சொன்னேன்" என்று.

பாய் அன்று கடையில் இருந்தார். அவர் வரட்டும் என்று காத்திருக்கப் பொறுமை இல்லாமல் நானே சுற்றினேன். செல்லாயிதான் கூலிம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள்.

எனக்குக் கை வலித்ததைவிட உன் கடிதம்தான் வலித்தது. கட்டைவிரலை இந்தப் பக்கம் வை. ஒரே ஒரு வரி. இந்த ஒரு வரி உனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அப்பாவுக்கும் தெரியும். நான் காரை ஓட வைக்கப் போகிறேன் என்று ஜனவரியிலேயே எழுதினேன். கோழிக்கூண்டு என்று எழுதினாயே, அந்தத் தாளிலேயே இந்த ஒரு வரியை எழுதியிருந்தால் என் கை உடைந்திருக்காது. நான் ஹேண்டிலைத் தொடுவேன் என்றே உனக்குத் தோன்றவில்லை. அப்பாவுக்கும் தோன்றவில்லை. நான் வாளியைத்தான் தொடுவேன் என்று நினைத்துவிட்டீர்கள்.

விசாரணை ஆகஸ்ட் ஆறு, காலையில். நீ வா. வந்து ஆண் வாரிசு என்று சொல். அங்கே இருக்கிற அதிகாரி என்ன எழுதினாலும் எழுதட்டும்.

எனக்கு வேறு எழுத இல்லை.

யோகேஸ்வரி


ஜொகூர் பாரு,
1.8.2024

அக்காவுக்கு.

கை எப்படி இருக்கிறது? கட்டு எப்போது பிரிப்பார்கள்? வீட்டு வேலைக்குச் செல்லாயி அக்கா உதவுகிறாரா?

உங்கள் கடிதத்தை நளினியிடம் காட்டவில்லை. காரில் உட்கார்ந்து படித்தேன். படித்துவிட்டு வேலைக்குப் போகாமல் திரும்பி வந்துவிட்டேன்.

விசாரணைக்கு நான் வரவில்லை. உங்கள் எதிரே உட்கார்ந்து "கார் எனக்கு" என்று சொல்ல எனக்கு வாய் வராது. தாளில் கையெழுத்துப் போட்டு, இங்கே அதிகாரி முன்னால் உறுதி செய்து, இத்துடன் வைத்திருக்கிறேன். கார் உங்களுக்கு. வீடு நீங்கள் எழுதியபடியே ஆளுக்குப் பாதி. என் பாதியில் நீங்கள் இருக்கும் வரை இருங்கள்.

கல்யாணத்துக்கு ஓட்டும் அளவுக்குக் கை தேறிவிடுமா? தேறாவிட்டால் கார் வேண்டாம். நான் ஓட்டுகிறேன் என்று கேட்க மாட்டேன்.

தம்பி


பாடாங் மேஹா,
19.12.2024

தம்பி காளிதாசனுக்கு அக்கா ஆசீர்வாதத்தோடு எழுதுவது.

கல்யாணக் களைப்பு தீர்ந்ததா? நளினியின் காலில் வீக்கம் இறங்கியதா? புதுப் பெண் வீட்டில் ஒட்டிக்கொண்டாளா? எனக்கு ஒரு குறையும் இல்லை. மழைக்கு மணிக்கட்டில் கொஞ்சம் வலி இருக்கிறது, அது இருக்கட்டும்.

உன் எண்ணைத் தீபாவளிக்கே திறந்துவிட்டேன், தினமும் பேசுகிறோம். ஆனால் இதைப் போனில் சொன்னால் நான் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

நீ செய்ததையெல்லாம் நான் மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. அந்த லாரியை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. கல்யாணத்தன்றுகூடச் சும்மாவா இருந்தாய்? "கிளட்ச்சு, கிளட்ச்சு, ரெண்டாவது கியர், பாத்து" என்று என் காதருகே ஓயாமல். "வாய மூடிக்கிட்டு வா, இல்லாட்டி எறங்கி நடந்து வா" என்றேன். பின்னால் மணப்பெண் சிரித்தாள். பட்டு வேட்டியும் மாலையுமாக நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய்.

மண்டபத்துக்கு முந்தின முச்சந்தியில் போலீஸ் தடுப்புப் போட்டிருந்தார்கள். ஒரு மலாய்க்காரப் பையன், மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. கையைக் காட்டி நிறுத்தினான். காரைப் பார்த்து வாயைப் பிளந்தான். என் ஜன்னலில் குனிந்தான். ஸ்டியரிங் என் கையில். குனிந்தவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் மூக்குக்கு முன்னால் தலையை நீட்டி, என்னைத் தாண்டி, அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த உன்னைப் பார்த்துக் கேட்டான். "அபாங், சந்தேக் கெரேத்தா! அழகான கார்ண்ணே! எந்த வருசத்துது? யார் ரிப்பேர் பண்ணினது? எத்தனை வருசமா வச்சிருக்கீங்க?"

எனக்கு உச்சந்தலை வரை கொதித்தது. நான் ஓட்டுகிறேன். என் கை உடைந்து ஓடுகிற கார். இவன் உன்னைக் கேட்கிறான். நான் வாயைத் திறப்பதற்குள் நீ என்ன சொல்லப்போகிறாய் என்று பயமாகவும் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், பயமாகத்தான் இருந்தது. பெரிய மனுஷனாகத் தலையை ஆட்டி "அப்பா கார்" என்று நீ ஆரம்பித்திருந்தால், சாவியைப் பிடுங்கி உன் மடியில் போட்டுவிட்டு நான் இறங்கி நடந்திருப்பேன். கல்யாணம் என்றுகூடப் பார்த்திருக்க மாட்டேன்.

நீ அவனைப் பார்க்கவே இல்லை. முன்னால் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "காக்கா சாயா புன்யா கெரேத்தா. தான்யா தியா."

என் அக்காவுடைய கார். அவங்களக் கேளு.

 அந்தப் பையன் தலையை வெளியே இழுத்துக்கொண்டான். தொப்பியைச் சரிசெய்துகொண்டான். மறுபடி குனிந்து, இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து என்னிடம் கேட்டான்.

பின்னால் எத்தனை கார் நின்றதோ, எத்தனை பேர் ஹார்ன் அடித்தார்களோ, முகூர்த்த விருந்து ஆறிப்போனதோ, எனக்குத் தெரியாது. ஒவ்வொன்றாகப் பதில் சொன்னேன்.

உன் அக்கா,
யோகேஸ்வரி